ரிக் குமரகுரு வாங்கிய வெள்ளைக்காரன் பங்களா

சிவபிரகாஷ் முதன்முதலாகக் குமரகுருவைப் பார்த்தபோது அவர் ஒரு பங்களாவை இரும்பு ராடால் அளந்துகொண்டிருந்தார்.

அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது அது. விக்டோரியா ராணி காலத்தில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரன் கட்டியது. முகப்பு முழுக்கச் செங்கல். நடுவில் வண்டி வந்து நிற்க வளைவு வைத்த போர்டிகோ. இரண்டு பக்கமும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் ஜன்னல்கள். கூரை ஓரத்தில் இலை இலையாகக் கடைந்து தொங்கவிட்ட மரச்சட்டங்கள். உச்சியில் 1889 என்று வெட்டிய கல். வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கைக்கு ஒரு வர்ணம் அடித்து அடித்து, செங்கல் இருப்பதே வெளியில் தெரியாமல், பல்லில் காறை பிடித்த மாதிரி நின்றது வீடு.

போர்வெல் வண்டியில் பூமிக்குள் இறக்குகிற இருபது அடி ராடு ஒன்றை நான்கு பேர் தூக்கிச் சுவரோரம் போடுவதும், தலையை மாற்றி அடுத்து போடுவதுமாக இருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்தில் கயிறு மாதிரி கனத்த சங்கிலியோடு ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். சிவபிரகாஷின் பையில் அளவு டேப் இருந்தது. எடுத்துக் கொடுக்கலாமா என்று நினைத்தவன், இந்தக் கூத்து எதுவரை போகிறது பார்க்கலாம் என்று சும்மா நின்றான்.

“மூணே முக்கா ராடு இருக்குது தம்பி. எத்தன நாளாகும்?” என்றார் குமரகுரு.

ஐந்து மாதம் ஆகும் என்றான் சிவபிரகாஷ். பூச்சை ஒவ்வொரு தோலாக எடுக்க வேண்டும், சுண்ணாம்பை ஒரு மாதம் தொட்டியில் நீற்றி வைக்க வேண்டும், செங்கல் இணைப்பை எல்லாம் கையால் சுரண்டித் திரும்ப அடைக்க வேண்டும் என்று விளக்கினான்.

குமரகுரு கூட்டி வந்த நான்கு பேரையும் திரும்பிப் பார்த்தார். “மூணே முக்கா ராடுக்கு அஞ்சு மாசமாமா. நாம ஒரு பகல்ல ஆயிரம் அடி போயிருவோமுடா.” நான்கு பேரும் முதலாளி சிரிக்கிற அளவுக்குச் சரியாகச் சிரித்தார்கள்.

அந்த இடத்திலேயே சிவபிரகாஷ் அவரை எடை போட்டு முடித்துவிட்டான். பேருந்தில் திரும்பும்போது அவருடைய எண்ணைத் தன் போனில் ‘ஆயிரம் அடி’ என்ற பெயரில் பதிந்துகொண்டான்.

சிவபிரகாஷுக்கு அப்படி எடை போட ஒரு உரிமை இருக்கத்தான் செய்தது. ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் கிழங்கு பிடுங்கிய குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன். சிவில் இன்ஜினியரிங் முடித்து, பாண்டிச்சேரியில் பழைய பிரெஞ்சு வீடுகளைச் சீர்படுத்தும் ஒரு ஆர்க்கிடெக்டிடம் இரண்டு வருடம் கையில் சுண்ணாம்பு வெந்து புண்ணாக வேலை கற்றவன். சேலத்தில் அவனுக்கு வந்த முதல் பழைய வீட்டு வேலை இது. அதுவும் இப்படி ஒரு ஆளிடமிருந்து வந்ததே என்பதுதான் அவன் வயிற்றெரிச்சல்.

ஆள் யார் என்றால், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், கிணறு எல்லாம் குப்பைக் குழியான ஒரு வறண்ட ஊரில் பிறந்தவர். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரோடு சண்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டவர், அடுத்த வாரமே ரிக் என்கிற போர்வெல் வண்டியில் ஹெல்பராக ஏறிவிட்டார். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா என்று பதினெட்டு வருடம். லாரிக்கு அடியில் தூங்கி, தகர டின்னில் குளித்து, இந்தியில் ஏழு வசவு மட்டும் கற்றுக்கொண்டு, ஹெல்பரிலிருந்து டிரில்லர் ஆனார். பிறகு ஒரு வண்டியில் பங்கு. பிறகு சொந்த வண்டி. பிறகு இரண்டாவது வண்டி. கல்யாணம் செய்துகொண்டது மட்டும் ஜேடர்பாளையத்தில். துளையே போடாமல் காவிரி வாசலில் ஓடுகிற ஊரிலிருந்து ஜோதியம்மாளைக் கூட்டி வந்து, வாரம் ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில் குடிவைத்தார். அந்த அம்மாள் அதை இருபது வருடமாக மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை.

காசு வந்ததும் ரிக்காரர்கள் என்ன செய்வார்களோ அதையே இவரும் செய்தார். ஊரில் மூன்று மாடி எழுப்பினார். முன்பக்கம் கத்தரிப்பூ நிறம், நீலக் கண்ணாடி, மொட்டை மாடியில் பாயும் குதிரை இரண்டு. கட்டி முடித்த ஆறாம் மாதம் பக்கத்துக் காட்டில் இன்னொரு ரிக்காரர் அதே நிறத்தில், அதே கண்ணாடியில், குதிரை மட்டும் நான்காக வைத்து எழுப்பிவிட்டார். குமரகுருவுக்கு அன்றிலிருந்து தன் வீட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. யாரும் காப்பி அடிக்க முடியாத வீடு ஒன்று வேண்டும் என்று அலைந்தார். புதிதாக எதைக் கட்டினாலும் அடுத்தவன் அதைவிடப் பெரிதாகக் கட்டுவான். பழையதை எவனும் கட்ட முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. அதைக் கண்டுபிடித்ததற்கு அவருக்கு அவர்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

பங்களா கிரயமானதும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், பழைய சாமான் கடையில் மீசை முறுக்கிய ஏதோ ஒரு வெள்ளைக்காரனின் படத்தை வாங்கி வந்து ஹாலில் மாட்டினார். பார்க்க வருகிறவர்களிடம், “இவருதான் இந்த ஊட்டக் கட்டுனவரு. ரொம்ப நல்ல மனுசன்” என்று சொல்லவும் தொடங்கினார். எந்த ஊர் வெள்ளைக்காரன், எதில் நல்லவன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

வைகாசியில் பேச்சு முடிந்தது. ஆனியில் சாரம் கட்டினார்கள். ஐப்பசியில் நல்ல முகூர்த்தம் ஒன்றைப் பிடித்து, குமரகுரு யாரையும் கேட்காமல் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகை அடித்துவிட்டார். கம்ப்யூட்டரில் பங்களாவைச் சிவக்கச் சிவக்கத் துடைத்து, வானத்தில் இரண்டு புறாவும் சேர்த்து, அட்டையில் அந்தப் படம். ரிக் முதலாளிகள் சங்கத்தில் இருக்கிற ரிக்காரர் ஒருவர் விடாமல் நேரில் போய்க் கொடுத்தார். அன்றைக்கு அந்த முகப்பு படத்தில் இருக்கிற மாதிரி நிற்காவிட்டால் திருச்செங்கோட்டில் தலைகாட்ட முடியாது என்று, கொடுத்து முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. அதன் பிறகு தினமும் காலையில் சாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வேலை செய்தது கந்தம்மாளும் அவள் கூட்டி வந்த ஒன்பது பேரும். எடப்பாடிப் பக்கத்து ஆட்கள். கந்தம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். சாரத்தில் ஏறினால் மதியச் சோற்றுக்குத்தான் இறங்குவாள். மூங்கில் சீவலாலும் நார்ப் பிரஷ்ஷாலும் ஈரம் வைத்து வைத்து, பூச்சைத் தோல் உரிப்பதுபோல் எடுத்தாள். அடியிலிருந்து செங்கல் ஒவ்வொன்றாக, விளிம்பு கூர் மழுங்காமல், சூளையிலிருந்து நேற்று வந்ததுபோல் வெளிப்பட்டது. சிவபிரகாஷ் அதைத் தடவிப் பார்த்துச் சொக்கிப் போவான். குமரகுரு கீழிருந்து கேட்பார்:

“இன்னைக்கு எத்தன அடி கந்தம்மா?”

“நாலு சதுர அடிங்க மொதலாளி.”

“நேத்து?”

“நேத்தும் நாலுதானுங்க. நாளைக்கும் நாலுதான். நீங்க கேக்கக் கேக்க அது வளராதுங்க.”

ஆட்கள் சிரிப்பார்கள். குமரகுரு செருப்பைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போவார். ஆடி முடிகிறபோது வலது பக்கத்து ஜன்னல் வரைக்கும்தான் வேலை வந்திருந்தது. மீதி இன்னும் காறை பிடித்தபடியே நின்றது. விழா நாளைக் குமரகுரு விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு சிவபிரகாஷிடம் வந்து, இதை வேகமாக எடுக்க ஏதாவது மிஷின் இல்லையா என்று கேட்டார். பழைய செங்கல்லுக்கு மேலே ஒரு வெந்த தோல் உண்டு, அது போனால் செங்கல் பஞ்சாகிவிடும், அதனால்தான் கைவேலை என்று சிவபிரகாஷ் சொன்னான். சொன்னானே தவிர, இந்த ஆளுக்கு எங்கே ஏறப்போகிறது என்ற முகத்தோடு, ஆங்கிலம் பாதி கலந்து, வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். குமரகுரு தலையை ஆட்டினார். அது புரிந்த ஆட்டல் அல்ல.

ஆவணியில் சிவபிரகாஷ் நான்கு நாள் ஊருக்குப் போனான். கூரை ஓரத்து மரச்சட்டங்களைக் கடைய ராசிபுரத்தில் ஒரு ஆசாரியைப் பார்க்க வேண்டியிருந்தது. சித்தப்பா மகள் சௌமியாவின் கல்யாணமும் இருந்தது. கந்தம்மாள் ஆட்களுக்கும் அந்த வாரம் நோம்பி, ஊர்த் திருவிழா. சாரம் காலியாக நின்றது.

அதே வாரம்தான் வடக்கே மழை பிடித்துக்கொண்டு ரிக் வண்டிகள் ஊர் திரும்பின. குமரகுருவின் கம்ப்ரஸர் வண்டியும் ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்தது. கம்ப்ரஸர் என்றால் ஆயிரம் அடி ஆழத்திலிருந்து பாறைத் தூளை வெளியே ஊதித் தள்ளுகிற காற்று. அதை வைத்து வாழ்ந்தவருக்கு, உலகத்தில் காற்றடித்தால் போகாத அழுக்கு இல்லை என்ற எண்ணம் வந்ததில் வியப்பில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் சேஸிஸ் துருவை எடுக்க மணலைக் காற்றில் கலந்து அடிப்பார்கள். அந்த மணல் தொட்டியை இரண்டு நாள் இரவலுக்கு எடுத்து வந்தார். கம்ப்ரஸரில் மாட்டினார். கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்குத் துண்டு. ஹோஸை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. பதினைந்து வருடத்துக்குப் பிறகு டிரில்லர் குமரகுரு தானே வேலைக்கு இறங்கினார்.

துளை போடுகிறவன் கண்ணால் ஆழத்தைப் பார்க்க முடியாது. மேலே வருகிற தூளின் நிறத்தைப் பார்த்துத்தான் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வான். கறுப்பு வந்தால் ஒன்று, வெள்ளை வந்தால் ஒன்று. நிறம் மாறினால் மேலே கிடந்த சொத்தை முடிந்து நல்ல பாறை தொடங்கிவிட்டது, இனிமேல் அழுத்தலாம் என்று அர்த்தம். குமரகுரு சுவரிலும் அதைத்தான் பார்த்தார். முதலில் வெள்ளைத் தூள் பறந்தது. பிறகு மஞ்சள், பச்சை, மறுபடி வெள்ளை. அப்புறம் சிவப்பு.

சிவப்பு வந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். கல்லூரி முதல் வருடப் பையனுக்குத் தெரியும், பறப்பது செங்கல் என்று. குமரகுரு ஜோதியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தியா, இப்பத்தான் நல்ல செவுரு ஆரம்பிக்குது.” காற்றைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். நல்ல சுவர் வர வர அடித்தார். ஒன்றரை நாளில் மூணே முக்கால் ராடு முகப்பும் முடிந்தது, போர்டிகோ வளைவோடு சேர்த்து.

நான்காம் நாள் சாயங்காலம் சிவபிரகாஷ் வந்து கேட்டருகே நின்றான். தூரத்துப் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. குங்குமத்தில் முக்கி எடுத்த மாதிரி. தெருவில் போகிறவர்கள் ஸ்கூட்டரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கிட்டே போனான். செங்கல் ஒவ்வொன்றும் வாயில் போட்டுச் சப்பிய மிட்டாய் மாதிரி முனை கரைந்து உருண்டிருந்தது. இணைப்பில் சுண்ணாம்பே இல்லை. விரலை விட்டால் இரண்டு கணு உள்ளே போனது. ஜன்னலுக்கு மேலே பூவேலை இருந்த இடத்தில் ஒரு வீக்கம் மட்டும் இருந்தது. கந்தம்மாள் இரண்டு மாதமாக நாலு நாலு அடியாகத் திறந்து வைத்த வலது பக்கத்தையும், நிறம் ஒத்துவரவில்லை என்று குமரகுரு அடித்துத் தள்ளியிருந்தார்.

உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்தான். கை சிவந்திருந்தது.

“எப்படி தம்பி?” என்றார் குமரகுரு. முகம் முழுக்கச் சிவப்புத் தூள். கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். “உன்ற அஞ்சு மாச வேலைய ஒன்றரை நாள்ல முடிச்சுப்போட்டேன்.”

சிவபிரகாஷ் வாயில் வந்ததை எல்லாம் பேசினான். செங்கல்லின் தோல் போய்விட்டது, இனி மழை பெய்தால் சுவர் தண்ணீர் குடிக்கும், இணைப்பு இல்லாமல் வளைவு நிற்காது, நூற்று முப்பது வருடம் நின்றதை ஒன்றரை நாளில் கொன்றுவிட்டீர்கள் என்றான். இந்த முறை ஆங்கிலம் கலக்கவில்லை. அதனால் குமரகுருவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சிவப்பு முகத்தில் வெள்ளை வட்டம் இரண்டும் சுவரைப் பார்த்தன. பிறகு அவனைப் பார்த்தன.

“நான் போன் போட்டேன் தம்பி. நாலு வாட்டி. நீ எடுக்கல.”

“சார்ஜ் இல்லீங்கண்ணா,” என்றான் சிவபிரகாஷ்.

அது பொய். கல்யாண வீட்டில் போன் அடித்தபோது திரையில் ‘ஆயிரம் அடி’ என்று விழுந்ததைச் சிநேகிதர்களிடம் காட்டி, ராடால் வீட்டை அளந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். நாலு முறையும் அப்படித்தான். அதன் பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. அதையும் திறக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், சேலம் நெருங்கும்போதுதான் கேட்டான். “தம்பி, கம்ப்ரஸர் வந்து நிக்குது. மணல வெச்சு செவுத்துல அடிக்கலாமா, வேண்டாமா? நீ வேண்டாம்னா வேண்டாம். ஒரு வார்த்த சொல்லீரு.” அவ்வளவுதான் பதிவு. பின்னால் வண்டி உறுமும் சத்தம்.

குமரகுரு “செரி” என்றார்.

அடுத்த வாரம் கந்தம்மாள் வந்து சுவரைப் பார்த்தாள். முனை கரைந்த ஒரு செங்கல்லை விரலால் தடவினாள். பிறகு சிவபிரகாஷைப் பார்த்து, “கொழந்தைக்குக் குளிக்க ஊத்தறேன்னு தோல உரிச்சுப்போட்டாரு சாமி” என்றாள். குமரகுரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

இனி செய்யக்கூடியது ஒன்றுதான் என்று சிவபிரகாஷ் கணக்குப் போட்டான். இணைப்பை எல்லாம் சுண்ணாம்பால் அடைத்து, மேலே முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து பூசி மூட வேண்டும். செங்கல் இனி வெளியே தெரியவே கூடாது. சாந்து காய மழையில்லாத மாதங்கள் வேண்டும். விழாவைத் தைக்குத் தள்ளி வையுங்கள் என்றான். அது முடியாதென்றால், அன்றைக்கு போர்டிகோ வழியாக ஒருவரும் நடக்காமல், பின்வாசல் வழியாகப் போய்ப் பால் காய்ச்சுங்கள் என்றான்.

“பொறவாசல்ல நொழைஞ்சு பால் காச்சறதுக்கா இந்த ஊட்ட வாங்குனேன்?” என்று குமரகுரு சாரத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். சுவர் படத்தில் இருப்பதைவிடச் சிவப்பாக இருக்கிறதே, அப்புறம் என்ன என்பது அவர் வாதம். ஜோதியம்மாள் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள். பத்திரிகை கொடுத்தாயிற்று என்பதையே அவர் திருப்பித் திருப்பிச் சொன்னார். முட்டாள்தனத்துக்கு மருந்து உண்டு. முட்டாள்தனத்தைப் பத்திரிகை அடித்து ஊருக்கே கொடுத்துவிட்டால் மருந்து கிடையாது. சிவபிரகாஷ் வேலையை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த வளைவு விழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. இன்னொன்றும் இருந்தது, அந்தக் குரல் பதிவு. அதை அவன் பஸ்ஸில் கேட்டுவிட்டு அழித்துவிட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விழாவுக்கு முந்திய மூன்று நாளும் விடாமல் பெய்தது. அன்று காலை ஆறரைக்குத் தூறலாக நின்றது. முகூர்த்தம் ஏழரைக்கு. திருச்செங்கோட்டிலிருந்து கார்கள் வந்துகொண்டே இருந்தன. அத்தனை பேரும் குமரகுரு மாதிரியே வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தூறலுக்கு ஒதுங்கி முகப்புச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். சுவரைவிட்டு நகர்ந்தவர்கள் முதுகெல்லாம் சிவப்பு. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். படிக்கட்டில் செம்மண் கரைத்த மாதிரித் தண்ணீர் வழிந்து, கோலம் போட்ட ஜோதியம்மாளின் மாவு எல்லாம் சாயம் ஏறிக் கிடந்தது. குதிரை நான்கு வைத்த ரிக்காரர், “குமரகுரு, ஊடு புதுசா, இல்ல கறி வெட்டற எடமா?” என்று கேட்டதற்கு இருபது பேர் சிரித்தார்கள். குமரகுருவும் சிரித்தார். அவர் இரண்டு மாதமாக எதற்குப் பயந்தாரோ அது படியேறி வந்துவிட்டது.

நாதஸ்வரக்காரர் முன்னால் நடக்க, குமரகுரு பால் பாத்திரத்தோடும் ஜோதியம்மாள் விளக்கோடும் போர்டிகோவுக்கு வந்தார்கள். பின்னால் பெண்கள், குழந்தைகள், சங்கத்துக்காரர்கள், எப்படியும் நானூறு பேர். சிவபிரகாஷ் வளைவிலிருந்து பத்தடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வளைவுக்கு அடியில் கால் வைக்கப் போன குமரகுரு நின்றார். கையை உயர்த்தி நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தார்கள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். போர்வெல் துளைக்குள் பக்கச் சுவர் சரியத் தொடங்கும்போது முதலில் கல் விழாது. அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். அது கேட்டால் டிரில்லர் ராடை உருவிவிட வேண்டும். கேட்காதவன் ராடைப் பறிகொடுப்பான். சுவருக்குள் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. பத்தடியில் நின்ற பட்டதாரிக்குக் கேட்கவில்லை.

“எல்லாரும் பின்னால போங்க,” என்றார். குரல் உயரவில்லை. “இந்த வழி வேண்டாம். பொறவாசல்ல போலாம்.”

யாரோ சகுனம் என்று முனகினார்கள். யாரோ சிரித்தார்கள். ஜோதியம்மாள் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பினாள். குமரகுரு பால் பாத்திரத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, கடைசிக் குழந்தை நகரும் வரைக்கும் வளைவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். நானூறு பேர் சேற்றில் செருப்பு வழுக்க, வீட்டைச் சுற்றிக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற தொட்டியைத் தாண்டி, பின்வாசலில் நுழைந்தார்கள். அங்கேதான் பால் பொங்கியது.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வளைவு விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம். உச்சிக்கல் 1889-உம் சேர்ந்து விழுந்து மூன்று துண்டானது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இலையை விட்டு எழுந்து வந்த ரிக்காரர்கள் கும்பலாக நின்று பார்த்தார்கள். இன்ஜினியர் யார் என்று கேட்டார்கள். சிவபிரகாஷ் பக்கம் நாலைந்து தலை திரும்பியது. அவன் வாயைத் திறப்பதற்குள் குமரகுரு, “அந்தப் பையன் வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் காத்த அடிச்சேன்” என்றார்.

வேண்டாம் என்று சரியான நேரத்தில் அவன் சொல்லவில்லை. அது அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அந்த ஆளைக் கேவலமாக நினைத்துக்கொண்டே இருக்கிற வசதியை, அந்த ஒரு வாக்கியத்தில் அவர் பிடுங்கிக்கொண்டார். சிவபிரகாஷுக்கு அதுதான் பொறுக்கவில்லை. சாப்பிடாமல் கேட்டைத் தாண்டி நடந்து, ஏற்காடு ரோட்டில் டவுன் பஸ் ஏறினான். செங்கல் தூள் மாதிரி மட்டமான அறிவு, அதற்கு மேல் ராட்சசக் காற்று, அதற்கும் மேல் இப்படி ஒரு பெருந்தன்மை. இதெல்லாம் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்று கோபம் கோபமாக வந்தது.

தை பிறந்ததும் குமரகுருவே கந்தம்மாள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். அவள், இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். எட்டு மாதம் வேலை நடந்தது. அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் திருச்செங்கோட்டில் இன்றைக்கும் யாராவது வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைத்தால், முன்வாசலா பின்வாசலா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். அதைக் குமரகுருவின் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள்.

குமரகுரு இப்போதும் அந்த அஸ்தம்பட்டி பங்களாவில்தான் ஜோதியம்மாளோடு குடியிருக்கிறார். ஒரு ரிக்கை விற்றுவிட்டார். மற்றொன்று ஒடிசாவில் ஓடுகிறது. முகப்பு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து, செங்கல் ஒன்றுகூடத் தெரியாது. போர்டிகோவைத் திரும்பக் கட்டவில்லை. சிவபிரகாஷ் திருப்பூரில் அடுக்குமாடி கட்டுகிற ஒரு கம்பெனியில் சைட் இன்ஜினியராக இருக்கிறான். பழைய வீட்டு வேலைக்குப் போவதில்லை.